குகை வரை போதும்: மதுரையைச் சுற்றிக் குடும்பத்தோடு ஏறத்தக்க குன்றுகள்

மதுரையை யாரும் மலையூர் என்று சொல்வதில்லை. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பேருந்து மாறும் சமவெளி நகரம் என்பதே வெளியூர்க்காரர்கள் மனத்தில் இருக்கும் படம். ஆனால் ஊரைச் சுற்றிப் பார்த்தால் நாலா பக்கமும் பாறைதான். மேலூர் சாலையில் ஆனைமலை படுத்துக் கிடக்கிறது. தென்மேற்கில் திருப்பரங்குன்றம். மேற்கே நாகமலையும் அதையொட்டிய சமணர் மலையும். வடக்கே அழகர்மலை. இவற்றுக்கு நடுவே பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக எத்தனையோ கரடுகள். பெரும்பாலானவை நகரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். விடியற்காலையில் கிளம்பி ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் நடப்பதற்கு இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டுச் சமவெளியில் குறைவு. ஆனாலும் மதுரைக் குடும்பங்களில் பல, பக்கத்துக் குன்றில் கால் வைக்காமலே கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் வண்டி எடுக்கின்றன. எந்தக் குன்றில் ஏறலாம், எதுவரை ஏறலாம், எப்போது ஏறக் கூடாது என்று சொல்ல ஆள் இல்லாததே இதற்கு முக்கியக் காரணம். தெரிந்தவர்கள் சொல்லும்போதும் ஒன்று உச்சியைப் பற்றிச் சொல்கிறார்கள், அல்லது கல்வெட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தையின் காலும் அறுபத்தைந்து வயது அப்பத்தாவின் முழங்காலும் அந்தப் பேச்சில் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் அளவாக வைத்துக்கொண்டு மதுரைக் குன்றுகளைப் பார்க்கிறது.

துறவிகள் தேர்ந்த உயரம்

தமிழ்நாட்டிலேயே தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த குகைகள் மிகுதியாக இருப்பது மதுரை வட்டாரத்தில்தான். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே சமணத் துறவிகள் இந்தக் குன்றுகளில் தங்கினார்கள். பாறையைச் செதுக்கி வழவழப்பான கற்படுக்கைகள் வெட்டினார்கள். மழைநீர் குகைக்குள் வழியாதபடி, பாறை நெற்றியில் நீளவாக்கில் காடி எடுத்தார்கள். மதுரையைச் சுற்றிய எட்டுக் குன்றுகளை எண்பெருங்குன்றம் எனச் சேர்த்துச் சொல்வது பழைய வழக்கம். தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலம் அந்தப் பெயரிலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

துறவிகள் தங்கிய இடங்களைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். பெரும்பாலும் உச்சியை அவர்கள் நாடவில்லை. ஊரில் போய் உணவு வாங்கித் திரும்ப வேண்டும், ஆகவே அடிவாரத்திலிருந்து அதிகத் தொலைவு கூடாது. வெயிலுக்கு ஒதுங்கத் தொங்குபாறை வேண்டும். பக்கத்தில் சுனை வேண்டும். உட்கார, படுக்கச் சமதளம் வேண்டும். குழந்தைகளோடு மலையேறும் குடும்பத்துக்கு வேண்டியதும் இவைதானே? அரை மணிக்குள் எட்டும் உயரம், நிழல், உட்கார இடம், போய்ச் சேர்ந்ததும் பார்க்க ஏதாவது ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவிகள் தேர்ந்தெடுத்த உயரம், இன்று குடும்பங்கள் நின்றுகொள்ள வேண்டிய உயரமாகவும் இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மதுரைக் குன்றுகளில் ஆபத்து பெரும்பாலும் குகைக்கு மேலேதான் தொடங்குகிறது. அதுவரை படியோ தேய்ந்த ஒற்றையடித் தடமோ இருக்கும். அதற்கப்பால் பிடிமானம் இல்லாத சரிவுப் பாறை, விளிம்பு தெரியாத வளைவு, நிழலே இல்லாத வெட்டவெளி. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உச்சியையும் பார்த்துவிடுவோம்’ என்ற ஆசைதான் குடும்ப நடைக்கு முதல் எதிரி.

ஊருக்குள்ளேயே ஒரு பயிற்சி

ஒரு கிலோமீட்டர் சேர்ந்தாற்போல் நடந்து பழகாத பிள்ளையை நேராகப் பாறைக்குக் கூட்டிப்போவது சரியில்லை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தொடங்கலாம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய இந்தக் குளம் ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி. கரையோரமாக ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். இரண்டு சுற்றைச் சிணுங்காமல் முடிக்கும் பிள்ளை சிறு குன்றுக்குத் தயார்.

அடுத்த கட்டம் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதை. ஏற்றம் கிடையாது, மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றி வரும் தார்ச்சாலை. வழியில் தெற்குப் பக்கம் தென்பரங்குன்றத்தில் உமையாண்டார் குடைவரை இருக்கிறது. சமணக் குகையாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாறியது என்பது அறிஞர்கள் கருத்து. கூட்டம் மொய்க்கும் வடக்கு வாசலுக்கு நேர் எதிர்ப் பக்கம் என்பதால் இங்கே அமைதி. மலை மேலே காசி விசுவநாதர் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் உள்ளன, படிகளும் உண்டு. ஆனால் மலை தொடர்பான வழக்குகளும் பதற்றமும் அடிக்கடி எழுவதால் மேலே செல்லக் கட்டுப்பாடு வருவது உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. சுற்றுப்பாதைக்கு மட்டும் போனாலும் குறையில்லை.

கீழக்குயில்குடி: முதல் மலை

மதுரையில் ஒரே ஒரு குன்றுக்குத்தான் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியும் என்றால் அது கீழக்குயில்குடி சமணர் மலை. நகரத்துக்கு மேற்கே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அடிவாரத்தில் தாமரைக்குளம், குளத்தங்கரையில் ஆலமரம், அதனருகே குதிரைச் சிலைகளோடு அய்யனார் கோயில். மலையேற மனமில்லாத பெரியவர்கள் மர நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம். குடும்ப நடையில் இது சின்ன விஷயம் இல்லை. ஏறாதவருக்கு இருக்க இடம் இல்லாவிட்டால், ஏறுகிறவரும் பாதியில் திரும்ப வேண்டிவரும்.

இங்கே இரண்டு இலக்குகள் உள்ளன. ஒன்று செட்டிப்புடவு. மலையின் மற்றொரு பக்கத்தில், கொஞ்சம் படி ஏறியதும் வந்துவிடும். குகை வாசலையொட்டி ஆள் உயரத்தை மிஞ்சிய தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்திருக்கிறது. ஊர்மக்கள் இவரைச் செட்டியார் என்று அழைத்ததால் குகைக்கு அந்தப் பெயர். குகைக்குள்ளே வளைந்த கூரையில் சிறிய சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. சிங்கத்தின் மேலேறி வில்லோடு வரும் பெண் தெய்வம், யானை மேல் வரும் வீரனோடு பொருதும் காட்சி அவற்றில் ஒன்று. கதை கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சிற்பம் போதும். ஐந்து வயதிலிருந்து எல்லாரும் இங்கே வரலாம்.

இரண்டாவது பேச்சிப்பள்ளம். அய்யனார் கோயிலுக்குப் பின்னாலிருந்து பாறையில் வெட்டிய படிகள் மேலே போகின்றன. செங்குத்தான இடங்களில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது. நின்று நின்று ஏறினாலும் அரை மணிக்குள் எட்டிவிடலாம். மேலே ஒரு சுனை, அதன் ஓரப் பாறையில் எட்டு உருவங்கள். ஐந்து தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி, தீர்த்தங்கரர்கள். கீழே வட்டெழுத்தில், அந்த உருவங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள். ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதி. மகன் வீட்டை விட்டுத் துறவியானான், தாய் அவன் நெறிக்குச் சிலை எடுத்தாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு குடும்பச் செய்தி இது. கல்வெட்டு என்றாலே அரசன் புகழ் என்று படித்து வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டலாம்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே, மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்கும் மேலே உச்சியில் விளக்குத்தூண். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பள்ளியின் அடித்தளம் வரை போய்வரலாம். அதற்கப்பால் வெறும் பாறை, சிறு பிள்ளைகளோடு வந்தவர்கள் சுனையோடு திரும்பிவிடுவதே முறை. சுனை பார்க்கச் சின்னதாகத் தெரிந்தாலும் ஓரம் வழுக்கும், எந்தப் பிள்ளையையும் தண்ணீரருகே தனியே விடக் கூடாது.

இதே பக்கத்தில் முத்துப்பட்டி பெருமாள் மலையும், திருமங்கலம் வட்டத்துக் கொங்கர் புளியங்குளமும் இருக்கின்றன. இரண்டிலும் கற்படுக்கைகளும் தமிழி எழுத்தும் உண்டு. கொங்கர் புளியங்குளத்தில் ஏறுவதற்குப் பாறையிலேயே படிகள் உள்ளன, கூட்டம் இருக்காது. சமணர் மலையில் ஒருமுறை ஏறிப் பழகியவர்களுக்கு அடுத்த காலைக்கு ஏற்றவை.

கிழக்கே இரண்டு குணங்கள்

சிவகங்கைச் சாலையில் சுமார் பதினைந்து கிலோமீட்டரில் வரிச்சியூர். பக்கத்துக் குன்னத்தூர்க் குன்றில் கற்படுக்கைகள் உள்ள சமணக் குகையும், தனித்தனியே இரண்டு சிவன் குடைவரைகளும் இருக்கின்றன. ஏற்றம் மிகக் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள்கூட மெதுவாகப் போய் உட்கார்ந்துவிடலாம். குகையின் கூரைப்பாறை அகலமாக நீண்டிருப்பதால் நிழலுக்குக் குறைவில்லை. மூன்று தலைமுறை சேர்ந்து வருவதற்கு இதுவே எளிய இடம் என்பேன். சிறப்பாகச் சொல்லிக்கொள்ள உயரமோ காட்சியோ இல்லாததால் பலர் இதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அந்தக் காரணத்துக்காகவே குடும்பங்கள் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனைமலை இதற்கு நேர் மாறு. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் இந்த ஒற்றைப் பாறை மதுரையின் அடையாளங்களில் ஒன்று. தூரத்திலிருந்து பார்க்கும்போது படுத்த யானை, அருகில் போனால் செங்குத்துச் சுவர். இங்கே குடும்ப நடை என்பது பெரும்பாலும் அடிவார நடைதான். நரசிங்கம் ஊரில் யோக நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்தது. பணி முடியுமுன் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார். காலம் கி.பி. 770. அங்கிருந்து சற்றுத் தள்ளி லாடன் கோயில் என்னும் முருகன் குடைவரை. இரண்டையும் சேர்த்து நடந்தால் சிறு பிள்ளைகளுக்கு ஒரு காலைப் பொழுது நிறைந்துவிடும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் படியேறி, மலையிடுக்கில் உள்ள சமணச் சிற்பங்கள் வரை போகலாம். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை உருவங்களில் பழைய வண்ணப்பூச்சின் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. யானையின் முதுகுக்கு ஏறுவது வேறு கணக்கு. அது வழி தெரிந்த ஊர்க்காரரோடு, பழகிய பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டியது. குழந்தைகளுக்கு வேண்டாம்.

வடக்கே நிழலும் வரலாறும்

மதுரைக் குன்றுகளின் பெரிய குறை நிழல் இல்லாமை. அந்தக் குறை இல்லாத மலை அழகர்மலை. நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் அளவு. அடிவாரத்தில் கள்ளழகர் கோயில், பாதி மலையில் முருகனின் பழமுதிர்சோலை, அதற்கு மேலே ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கையும். தார்ச்சாலை என்பதால் மலையேற்றக்காரர்கள் இதை மதிப்பதில்லை. பிள்ளைகளோடு வருகிறவர்கள் மதிக்க வேண்டும். இருபுறமும் மரம், வழி தவறும் பயமில்லை, கால் ஓய்ந்தால் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பழமுதிர்சோலை வரை நடந்து ஏறி, மற்றதை வண்டியில் முடித்து, இறங்கும்போது மறுபடி நடப்பது நல்ல ஏற்பாடு. குரங்குகள்தான் தொல்லை. கையில் பையோ பழமோ தெரியாமல் இருந்தால் அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தீனி போடுவது அவற்றுக்கும் கேடு, பின்னால் வருகிறவர்களுக்கும் கேடு.

மாங்குளம் வளர்ந்த பிள்ளைகளுக்கான மலை. மீனாட்சிபுரத்தையொட்டிய இந்தக் குன்றில்தான் 1882-இல் ராபர்ட் சீவெல் பழைய எழுத்துகளைக் கண்டு பதிவு செய்தார். அவை தமிழ்தான் என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவ முயன்றார். ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்தார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், வெள்ளறை ஊர் வணிகக் குழுவின் கொடையும் இந்தக் கல்வெட்டுகளில் வருகின்றன. சங்ககாலத்தைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பெயரைப் பாறையிலேயே பார்ப்பது வேறு அனுபவம். ஆனால் ஏற்றம் நீளமானது, தடம் கரடுமுரடானது, நிழல் குகையில்தான். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது.

ஏறும் கடினத்தில் அரிட்டாபட்டி, அழகர்மலைக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் நிற்கிறது. மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஏழு குன்றுகள் தொடராக நிற்கும் ஊர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு மூன்றும் இங்கே பாறை முகடுகளில் வாழ்கின்றன. சுமார் 250 பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும் உண்டு.

இங்கே நடை என்பது ஏறுவதைவிடச் சுற்றுவதுதான். ஆனைக்கொண்டான் கண்மாய்க் கரை, வயல் வரப்பு, குன்றின் அடிவாரம், சிவன் குடைவரை, கழிஞ்சமலையின் சமணக் குகை என்று துண்டு துண்டாக நடக்கலாம். குடைவரையில் வாயிலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் பாசுபத சைவ ஆசானான இலகுலீசர். தமிழ்நாட்டில் இலகுலீசர் உருவம் அரிது. பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால் பிள்ளைகள் நடந்த களைப்பையே மறந்துவிடுவார்கள். எட்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஏற்றது. கடைகளை நம்பிப் போக முடியாது என்பதால் தண்ணீரும் காலை உணவும் கையோடு கொண்டுபோக வேண்டும். குப்பையைக் கையோடு திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும்.

வெயில், மழை, தேனீ

எந்தக் குன்று என்பதைவிட எந்த நேரம் என்பது முக்கியம். இந்தக் கருங்கல் பாறைகள் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புபவை. ஒன்பது மணிக்கு மேல் தலைக்கு மேலே ஒரு வெயில், காலுக்குக் கீழே ஒரு வெயில். பெரியவரைவிடத் தரைக்கு அருகில் இருக்கும் குழந்தைக்குச் சூடு அதிகம். ஆகவே ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் அழகர்மலைச் சாலை தவிர மற்ற குன்றுகளை விட்டுவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிரப்பி இடத்தை அழகாக்கும், பாறையில் பாசியையும் படர வைக்கும். மழை பெய்த மறுநாள் சரிவுப் பாறையில் கால் வைக்கக் கூடாது. ஏறும்போது வழுக்காத இடம் இறங்கும்போது வழுக்கும். குகை வாய்களிலும் உயரப் பாறைகளிலும் மலைத்தேனீக் கூடுகள் தொங்கினால் சத்தம் போடாமல் திரும்பிவிட வேண்டும். புகை, கல்லெறி, வாசனைத் திரவியம் மூன்றும் அவற்றைக் கிளப்பிவிடும். தேய்ந்த செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள பிடிமானக் காலணி வேண்டும். சாமி இருக்கும் இடங்களில் ஊர் வழக்கப்படி கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாம். தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது குறைந்தபட்சக் கணக்கு.

காட்டு மலைகளுக்கு வேறு சட்டம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி, எளிது, நடுத்தரம், கடினம் என்ற தரப்பிரிப்பு எல்லாம் உண்டு. பாதுகாப்பில் நல்ல ஏற்பாடு. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் மாதந்தோறும் போகும் வழக்கமாக அது மாறாது. ஊர்ப்பக்கத்துக் குன்றுகளின் தேவை அங்கேதான் தெரிகிறது.

நடந்தவர்கள் காத்த குன்றுகள்

இந்தக் குன்றுகள் இன்றும் இருப்பதே தற்செயல் இல்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக எத்தனையோ கரடுகள் அறுபட்டுப் பள்ளமாகிவிட்டன. கீழவளவுப் பக்கம் போனால் அந்தக் காயத்தை இன்றும் பார்க்கலாம். அந்தக் குவாரி முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. ஆனைமலையில் சிற்பநகரம் அமைக்கும் யோசனை 2010-இல் எழுந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்று மலையைக் காத்தார்கள். அந்தச் சூழலில் பிறந்ததுதான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் பசுமை நடை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் குடும்பம் குடும்பமாக மக்களை ஒரு குன்றுக்கு அழைத்துப்போய், வேதாசலம், சொ. சாந்தலிங்கம் போன்ற அறிஞர்களைப் பேச வைத்து, காலை உணவோடு அனுப்பிவைத்த இயக்கம் அது. மதுரையில் பிள்ளைகளோடு குன்றேறுவது ஒரு பழக்கமானதற்கு அதன் பங்கு பெரிது.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வான செய்தி வந்தது. அரிட்டாபட்டியும் அந்த ஏலப் பகுதிக்குள் அடக்கம். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் பேரணியாக வந்தார்கள். அதே மாதம் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் அந்த ஊர்களின் விவசாயிகளும் பெண்களும். அந்த மலையில் எப்போதோ ஒரு காலை நடந்து, கண்மாய்க் கரையில் இட்லி சாப்பிட்டுப் போன நகரத்து மக்களுக்கும் அந்தச் செய்தி வெறும் ஊர்ப்பெயராக இருக்கவில்லை.

ஆனால் கூட்டம் வருவதில் கேடும் உண்டு. சிற்பங்களின் மேல் பெயர் கிறுக்குவது, மது பாட்டிலை உடைப்பது, சுனையில் நெகிழிப் பையை எறிவது எல்லாம் இந்தக் குன்றுகள் அன்றாடம் படும் பாடு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. பலகையும் சொல்கிறது. கிறுக்குகிறவர் பலகையைப் படிப்பதில்லை.

அதனால் ஆட்களையே விடாமல் வேலி போட்டுவிடலாம் என்று ஒரு கட்சி, ரோப் காரும் வியூ பாயின்ட்டும் கட்டி வருமானம் பார்க்கலாம் என்று மறு கட்சி. இரண்டும் குன்றுக்கு நன்மை செய்யாது. ஆள் நடமாட்டம் இல்லாத குன்று குடிகாரர்களுக்கும் கல் உடைப்பவர்களுக்கும் வசதி. சிமென்ட் கொட்டிய குன்று, குன்றாகவே மிஞ்சாது. காலையில் குடும்பங்கள் நடமாடும் இடத்தில் தப்பு செய்யத் தயக்கம் வரும். எனவே தேவைப்படுவது பெரிய திட்டம் இல்லை. அடிவாரத்தில் சுத்தமான கழிப்பறை ஒன்று. பெண்களும் பெரியவர்களும் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் அது இல்லாததுதான். குடிநீர்க் குழாய் ஒன்று. எதுவரை பிள்ளைகள் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தெளிவான தமிழில் ஒரு பலகை. ஊராட்சியின் சம்பளத்தில் உள்ளூர்க் காவலர் ஒருவர். ஞாயிறு காலை மட்டும் நகரத்திலிருந்து ஒரு பேருந்து. இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு வளைவு வாயில் கட்டும் செலவைத் தாண்டாது என்றே நினைக்கிறேன்.

தீர்ப்பாகச் சொன்னால்

ஐந்து வயதுக் குழந்தையும் தாத்தாவும் சேர்ந்து வருகிறார்களா? வரிச்சியூருக்கும் செட்டிப்புடவுக்கும் போங்கள். வெயில் காலமா? அழகர்மலைச் சாலை. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பேச்சிப்பள்ளமும் அரிட்டாபட்டியும். வரலாற்றில் ஆர்வமுள்ள பதின்வயதினருக்கு மாங்குளம். ஆனைமலையை எல்லாருமாகப் போய் அடிவாரத்திலிருந்து பாருங்கள், முதுகுக்கு ஏற ஆசைப்படாதீர்கள்.

எங்கே போனாலும் குகை வரை போங்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கற்படுக்கையைக் காட்டுங்கள், ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். உங்கள் ஊராட்சியிலோ மாவட்ட நிர்வாகத்திலோ மனுக் கொடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் ரோப் கார் கேட்காதீர்கள், அடிவாரத்தில் ஒரு கழிப்பறையும் ஒரு குடிநீர்க் குழாயும் கேளுங்கள்.